அளவே இல்லாத புள்ளிகளால் ஆன கோட்டுக்கு நீளம் எப்படி வந்தது?

கேள்வி
புள்ளிக்கு நீளம், அகலம், உயரம் எதுவும் இல்லை என்று படிக்கிறோம். உடனேயே கோடு என்பது புள்ளிகளின் தொகுப்பு என்றும் படிக்கிறோம். பூச்சியத்தை எத்தனை முறை கூட்டினாலும் பூச்சியம்தானே? அப்படியானால் 5 செ.மீ. கோட்டுத்துண்டுக்கு அந்த நீளம் எங்கிருந்து வருகிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1
மணிகளைக் கோப்பதுபோலப் புள்ளிகளை அடுத்தடுத்து வைத்தால் கோடு கிடைக்கும் என்று எண்ணுவதில்தான் சிக்கல் இருக்கிறது. எண்கோட்டில் 2க்கு அடுத்த புள்ளி என்று ஒன்று கிடையாது. 2.5 என்றால் இடையில் 2.25 இருக்கிறது, அதைச் சொன்னால் 2.125 இருக்கிறது. ஆகவே, ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டிக் கோட்டை முடிக்கவே இயலாது.

மேலும், 2 முதல் 3 வரையுள்ள துண்டில் எந்த எண்ணை எடுத்து இரண்டால் பெருக்கி, 2ஐக் கழித்தாலும், 2 முதல் 4 வரையுள்ள துண்டில் ஓர் எண் கிடைக்கும். அங்குள்ள எதுவும் விடுபடாது, எதுவும் இருமுறை வராது. புள்ளிகள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன, நீளமோ இரு மடங்காகிறது! நீளம் என்பது முனைப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவு. அது புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து பெறப்படுவதன்று.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பகுதியற்றது புள்ளி என்று கி.மு. 300 அளவில் கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் எழுதினார்; ஆனால் அவருடைய நிரூபணங்கள் எதுவும் அந்த வரையறையைப் பயன்படுத்துவதில்லை. 1899இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் ஹில்பர்ட், புள்ளி, கோடு, தளம் ஆகிய மூன்றையும் வரையறுக்காமலே விட்டு, வெவ்வேறான இரு புள்ளிகள் வழியே ஒரே ஒரு கோடுதான் செல்லும் என்பது போன்ற அடிகோள்களால் (நிரூபிக்காமலே ஏற்றுக்கொள்ளும் கூற்றுகளால்) அவற்றுக்கிடையேயான உறவுகளை மட்டும் நிறுவினார். என் பார்வையில், பள்ளியிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. இன்னோர் ஐயம்: ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே திசையில் முடிவின்றிச் செல்வதைக் கதிர் என்கிறோம். அஆ என்ற கதிரும் ஆஅ என்ற கதிரும் ஒன்றுதானா?

மறுமொழி 1
இல்லை. நேர்கோட்டுக்கும் கோட்டுத்துண்டுக்கும் எழுத்துகளின் வரிசை பொருட்டன்று. கதிருக்கு முதல் எழுத்தே தொடக்கப்புள்ளி. அஆ என்பது அ-வில் தொடங்கி ஆ வழியாக முடிவின்றிச் செல்லும். அதே கதிரில் அ-வைத் தவிர இ என்ற வேறொரு புள்ளி இருந்தால், அதை அஇ என்றும் எழுதலாம்.