ரிமோட் கார் ஈஎஸ்சியில் ரோபோ ஓட்டிய அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

மகளின் பாடசாலைக் கண்காட்சிக்காகப் பலகையில் ஒரு ரோபோ வண்டி செய்தோம். மோட்டர் என்று பார்த்தால், பஞ்சிகாவத்தையில் எடுத்த பழைய கார் வைப்பர் மோட்டர் இரண்டு. எல்298என் என்ற மோட்டர் டிரைவர் போர்டில்தான் தொடங்கினோம். அது ஒரு மோட்டருக்கு 2 ஆம்பியர் வரைதான் தாங்கும், போதாததற்கு இரண்டு வோல்ட் அளவில் தானே தின்றுவிடும். வைப்பர் மோட்டரோ சுமை ஏறினால் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். மூன்றாம் நாள் சிப் கருகிய மணம் ஹோல் முழுக்க. சரி என்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய், ரிமோட் காருக்குப் போடும் பிரஷ் மோட்டர் ஈஎஸ்சி (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி) இரண்டு வாங்கி வந்தேன்.

ரோபோவின் மூளையாக வைத்த ஆர்டுயினோ போர்டில் ஈஎஸ்சி ஒன்றுக்கு ஒரு பின் (சிக்னல் வரும் கால்) போதும். சர்வோவுக்கு, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டருக்கு, கொடுக்கிற அதே சிக்னல்தான்: துடிப்பின் நீளம் 1500 மைக்ரோ செக்கன் என்றால் நிற்கும், 2000 முன்னுக்கு முழு வேகம், 1000 பின்னுக்கு. பட்டரி கொடுத்ததும் சில செக்கன் சிக்னலை நடுவில், அதாவது 1500இல், வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈஎஸ்சி வேலைக்கு வராது. எங்களுடையதில் ஒன்று வந்தது, மற்றது பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. வயரை மாற்றினேன், பின்னை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் பிழை நான் எழுதிய புரோகிராம் கோடில். நடு என்று நினைத்து 90 பாகை எழுதியிருந்தேன்; ஆர்டுயினோவில் சர்வோ சிக்னலை உருவாக்கும் சர்வோ லைப்ரரி 0 முதல் 180 பாகையை 544 முதல் 2400 மைக்ரோ செக்கன் வரை பரப்புவதால் 90 என்பது 1472 ஆகிறது. அந்த 28 மைக்ரோ செக்கனை ஒரு ஈஎஸ்சி பொறுத்துக்கொண்டது, மற்றது பொறுக்கவில்லை. பாகையை விட்டுவிட்டு 1500 என்று நேரடியாகக் கொடுத்ததும் இரண்டும் ஒன்றாக எழும்பின.

அடுத்தது ரிவர்ஸ். நின்ற இடத்தில் திரும்ப ஒரு சக்கரம் முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் சுற்ற வேண்டும் அல்லவா? பின்னுக்குப் போகச் சொன்ன சக்கரம் இறுகி நின்றுவிட, வண்டி அதைச் சுற்றி அரைவட்டம் போட்டு அலுமாரியில் மோதியது. கார் ஈஎஸ்சி, முன்னுக்கு ஓடும்போது பின்னுக்குப் போகும் சிக்னல் கிடைத்தால் முதலில் பிரேக்தான் பிடிக்கும். நடுவுக்கு வந்து திரும்பக் கேட்டால்தான் ரிவர்ஸ். காருக்கு அது நல்லது, ரோபோவுக்குச் சரிவராது. ஈஎஸ்சியின் பக்கத்தில் இருந்த சின்ன ஜம்பரை (இடம் மாற்றிச் செருகும் இணைப்பை) முன்-பின் மட்டும் என்ற நிலைக்கு மாற்றிப் போட்டேன், தீர்ந்தது. அந்த ஜம்பர் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, ஈஎஸ்சியின் சிக்னல் பிளக்கில் வரும் சிவப்பு வயரை என்ன செய்தீர்கள்? ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஈசி, அதாவது பட்டரி வோல்டேஜைக் குறைத்துத் தரும் பகுதி, அந்த வயரில்தான் கரண்ட் தருகிறது. என் ரோபோவில் இரண்டு சிவப்பும் ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் சேர்ந்திருந்தன, யூஎஸ்பியும் செருகியிருந்தது. லேப்டாப்பில் ஒரு போர்ட் போய்விட்டது. சில ஈஎஸ்சியில் பிஈசி 6 வோல்ட் தரும் என்பதே பிறகுதான் தெரிந்தது. இப்போது சிவப்பைப் பிளக்கிலிருந்து உருவி டேப் சுற்றிவிடுகிறேன், கறுப்பும் சிக்னலும் மட்டும் போகும்.

தெஹிவளையிலிருந்து:

ட்ரோன் ஈஎஸ்சியும் பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத) மோட்டரும் வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: மெதுவாக ஓட்டவே முடியாது. சென்சர் இல்லாததால், சுற்றும் மோட்டர் தானே உண்டாக்கும் வோல்டேஜைப் பார்த்துத்தான் ரோட்டர் (சுற்றும் பகுதி) எங்கே இருக்கிறது என்று ஈஎஸ்சி கண்டுபிடிக்கும். நின்ற நிலையில் பார்க்க எதுவும் இல்லை, அதனால் உதறி உதறித்தான் கிளம்பும். ரிவர்ஸ் வேண்டும் என்றால் பிஎல்ஹெலி எஸ் மாதிரி, ஈஎஸ்சிக்குள் ஓடும் ஃபர்ம்வேரில் (மென்பொருளில்) இருதிசை மோடுக்கு மாற்ற வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து:

தம்பி, ஒன்றின் சிவப்பைக் கழற்றிவிட்டேன். மற்றதை மல்டிமீட்டரில் அளந்து 5 வோல்ட்தான் என்று பார்த்த பிறகே போர்டுக்குக் கொடுத்தேன், யூஎஸ்பி செருகும்போது அதையும் கழற்றுகிறேன். இன்னொன்று, வைப்பர் மோட்டர் என்றால் இரும்புச் சட்டத்தில் அப்படியே பூட்ட வேண்டாம். பலவற்றில் ஒரு முனை மோட்டரின் உடம்போடு சேர்ந்திருக்கும், சட்டத்தின் வழியே இரண்டு ஈஎஸ்சியும் ஒன்றோடொன்று ஷோர்ட் ஆகும். எங்களுடையது பலகை என்பதால் தப்பியது.