ஆச்சி வீடு குழு: கனடால இருக்க மொரைன் ஏரிக்கு சீட்டு போடுறது எப்படி

லட்சுமி அத்தை, மாலை 6:38
செல்வி ஒரு படம் அனுப்பிருக்கா பாத்தியளா. நீலமா ஒரு ஏரி, பின்னால வரிசையா மலை. செப்டம்பர்ல நாங்க கால்கரி வரும்போது கூட்டிட்டுப் போறேங்கா. ஆனா சொந்தக் கார்ல போவ முடியாதாமே? ஏ முருகா, நீதான அந்தப் பக்கம் வண்டி ஓட்டுத, வெவரமா சொல்லு.

முருகன் (பான்ஃப்), 6:44
ஆமா அத்தை. 2023ல இருந்து மொரைன் ஏரி ரோட்டுல சொந்தக் காருக்கு வருசம் பூரா தடை. மாற்றுத்திறனாளி நிறுத்த அட்டை உள்ள வண்டிக்கு மட்டும் விலக்கு. மத்தவங்க பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்காத் துறை) விடுற ஷட்டில் பஸ், இல்லாட்டி உரிமம் வாங்கின தனியார் வண்டி. நடந்தும் சைக்கிள்லயும் போவலாம், அது ஒங்களுக்கு வேண்டாம்.

கணேஷ் (பாளை), 6:45
நம்ம மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வாங்குத மாதிரிதானண்ணே?

முருகன், 6:47
அதே கதைதாம்லே. மேல வண்டி நிறுத்த எடம் கம்மி, காலை இருட்டுலயே நெறஞ்சிரும், வாரவன்ல பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிட்டுக் கெடந்தாங்க. அதான் தடை.
ரோடு திறந்திருக்கதே ஜூன் தொடக்கத்துல இருந்து அக்டோபர் நடு வரைதான். மத்த மாசம் பனிச்சரிவு பயம், மூடிருவாங்க.

கணபதி மாமா, 6:50
உயரம் எவ்வளவு? அத்தைக்கு பிரஷர் இருக்கு.

முருகன், 6:53
தண்ணி நிக்கிற எடமே 1,880 மீட்டர் சொச்சம் மாமா. நம்ம அகத்தியர் மலை உச்சி 1,868ன்னு சொல்லுவாங்கல்ல, அதுக்கும் ஒரு கை மேல. சுத்தி நிக்கிற சிகரமெல்லாம் 3,000 மீட்டரத் தாண்டும்.
இந்த உயரத்துக்கு தலைசுத்து பெருசா வராது. ஆனா படி ஏறினா மூச்சு வாங்கும், காத்து ரொம்ப வறட்சி, தாகம் தெரியாமலே ஒடம்புல தண்ணி கொறஞ்சிரும். காலை மாத்திரைய வண்டி ஏறுறதுக்கு முன்ன போட்டுக்கோங்க. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி கையில இருக்கணும். மேல குழாய நம்பி வரக்கூடாது.

செல்வி (கால்கரி), 6:58
அத்தான், எனக்கு ஒரே குழப்பம் இதுதான். பார்க்ஸ் கனடா பஸ்ஸா, கைடு கூட வாற வேனா? நாலு பேர்: அம்மா (முட்டி வலி), அப்பா (68), நான், நாலு வயசுப் பையன். அவருக்கு லீவு கெடைக்காது.

முருகன், 7:06
ரெண்டையும் சொல்லுதேன், நீயே முடிவு பண்ணு.

பார்க்ஸ் கனடா பஸ் மலிவு. பெரியவங்களுக்கு 8 டாலர் கிட்ட, 65 தாண்டினா பாதி, 17 வயசு வரை இலவசம். கூட ஒரு பதிவுக்கு 3 டாலர் சொச்சம். விலை சீசனுக்கு சீசன் மாறும், பதிவுப் பக்கத்துல ஒருக்கா பாத்துக்கோ. ஏறுற எடம் லேக் லூயிஸ் (பக்கத்துல இருக்க இன்னொரு ஏரி) ஸ்கீ ரிசார்ட் நிறுத்தம், அங்க கார் இலவசமா விடலாம். டிக்கெட்ல ஒரு மணி நேர இடைவெளி குடுப்பான், அதுக்குள்ள போய் வரிசைல நிக்கணும். திரும்புறதுக்கு நேரக் கணக்கு கெடையாது, மேல எவ்வளவு நேரமும் இருக்கலாம். அதே டிக்கெட்ல மொரைனுக்கும் லேக் லூயிஸுக்கும் நடுவுல ஓடுற இணைப்பு பஸ்ஸுலயும் ஏறிக்கலாம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் என்னன்னா திரும்புற பஸ்ஸும் இணைப்பு பஸ்ஸும் முன்னால வந்தவனுக்கு முதல்ல. மதியத்துக்குப் பொறவு எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்புவான், வரிசை நீளும். முட்டி வலிக்காரவங்களையும் தூக்கம் வந்த பிள்ளையையும் வச்சுக்கிட்டு நிக்கணும். ஒக்கார எடம் கெடையாது.

கைடு வேன்ல விலை பல மடங்கு. மேல இருக்கதுக்கும் அளந்துதான் நேரம்: பெரும்பாலும் மொரைன்ல ஒண்ணரை மணி, லூயிஸ்ல ஒண்ணரையில இருந்து ரெண்டு மணி. ஆனா ஒன் சீட்டு ஒனக்காக நிக்கும். நேரா ஏரிக்குப் பக்கத்துலயே எறக்கி ஏத்துவாங்க. ஒங்க நாலு பேருக்கு நான் வேன்தான் சொல்லுவேன். கணேஷ் மாதிரி எளவட்டம் வந்தா பார்க்ஸ் பஸ்ஸே போதும்.

கணேஷ், 7:08
நான் எங்க அண்ணே வாறேன், எனக்கு விசாவே கெடையாது 😅

லட்சுமி அத்தை, 7:09
ஒண்ணரை மணி நேரம் பத்துமா? அம்புட்டு தூரம் போயிட்டு?

முருகன், 7:14
பத்தும் அத்தை, எதுக்குச் செலவழிக்கணும்னு தெரிஞ்சா. எறங்கின உடனே கழிப்பறை வரிசைல போய் நிக்காதிய. எறங்குறதுக்கு முன்ன கைடு வழக்கமா வேற எங்கயாவது நிறுத்துவாரு, அங்கயே முடிச்சிருங்க. மொரைன்ல இருக்கது குழிக் கழிப்பறை, தண்ணி வராது. ஈரத் துணி, கை கழுவுற ஜெல் வச்சுக்கோங்க.

பொறவு நேரா பாறைக் குவியல். ஏரியோட வாய்ல மலையில இருந்து சரிஞ்சு விழுந்த பாறை அணை மாதிரி கெடக்கு. அதுமேல படி கட்டிருக்காங்க, ஒரு பக்கம் 350 மீட்டர் கிட்ட, ஏத்தம் 25 மீட்டருக்குள்ள. படத்துல பாத்த காட்சி அங்க இருந்துதான் கெடைக்கும். கரையில நின்னா அந்த நிறம் வராது: தாழ நின்னு பாத்தா தண்ணி வானத்தையும் மலையையும்தான் காட்டும், மேல இருந்து பாத்தாத்தான் தண்ணிக்குள்ள இருக்க நிறம் தெரியும். பனிப்பாறை அரைச்ச கல்மாவு தண்ணில மெதந்துக்கிட்டு வெளிச்சத்தச் செதறடிக்கி, அதான் அந்த நீலம்.

செல்வி, 7:16
அம்மா முட்டிக்கு படி?

முருகன், 7:19
பைய ஏறினா இருவது நிமிசம். கைத்தடி ஒண்ணு வாங்கிக்குடு. எறங்கும்போதுதான் முட்டி கேக்கும், பக்கவாட்டா கால் வச்சு எறங்கச் சொல்லு. காலைல படில பனி ஒறஞ்சிருந்தா அத்தையை ஏத்தாத. வலது கையில ஏரிக்கரை ஓரமா சமதளப் பாதை ஒண்ணு போவுது, ஒரு பக்கம் ஒண்ணரை கிலோமீட்டர். மாமா கூட அதுல போயிட்டு வரட்டும்.
சேலை கட்டிட்டு பாறைல ஏறாதிய அத்தை, சுடிதார் போட்டுக்கோங்க. செருப்பு கூடவே கூடாது.

லட்சுமி அத்தை, 7:20
சுடிதாரா 🙈 சரி பாப்போம்

கணபதி மாமா, 7:22
எந்த வாரம் போட? நாங்க 8ஆம் தேதி வந்து சேருதோம்.

முருகன், 7:27
வந்த ஒடனே வேண்டாம் மாமா. பதினொண்ணரை மணி நேர வித்தியாசம், ஒரு வாரமாவது தூக்கம் சரியாவட்டும்.
செப்டம்பர் கடைசி வாரம் லார்ச் மரம் மஞ்சளாவும். ஊசியிலை மரம்தான், ஆனா இலை மஞ்சளாகி உதிரும். சீசன்லயே உச்சக் கூட்டம் அப்பதான், சீட்டு கெடைக்காது, பனி விழவும் வாய்ப்பு. அந்த மரத்த நல்லாப் பாக்கணும்னா மேல லார்ச் பள்ளத்தாக்குக்கு மணிக்கணக்கா ஏறணும், கரடி நடமாட்டம் உள்ள காலத்துல நாலு பேர் ஒட்டிப் போனாத்தான் விடுவாங்க. ஒங்களுக்கு அது தேவையில்ல.
செப்டம்பர் 15ல இருந்து 20க்குள்ள, திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள ஒரு நாள் போடு செல்வி.

செல்வி, 7:29
காலையா மதியமா?

முருகன், 7:34
காலை. ஆனா விடியற்காலை டூர் வேண்டாம். சூரியன் உதிக்கும்போது சிகரம் செவக்கும், போட்டோக்காரன் அதுக்குத்தான் வாரான். அந்த நேரம் ஏரி நெழல்ல கெடக்கும், நிறம் மங்கலா இருக்கும், குளிர் சுழியத்துக்குப் பக்கத்துல நிக்கும். சூரியன் நல்லா மேல வந்த பொறவு, ஒரு 10 மணில இருந்து 1 மணிக்குள்ள நீலம் பளிச்சுன்னு இருக்கும். சாயங்காலம் சூரியன் சிகரத்துப் பக்கமா எறங்கி எதிர்வெளிச்சமாயிரும், படம் கறுத்து விழும்.
அதனால மொரைனுக்கு முதல்ல போயிட்டு பொறவு லூயிஸ் போற டூராப் பாரு. லூயிஸ்ல நல்ல கழிப்பறை, ஒக்கார எடம், சமமான கரைப் பாதை எல்லாம் இருக்கு, அசந்துபோன பொறவு அதுதான் தோது.

கணேஷ், 7:36
மணி 7:30 தாண்டிருச்சே. அங்க காலை 8. பார்க்ஸ் பஸ்ஸுக்கு சீட்டு விடுற நேரம் இதான்னு எங்கயோ படிச்சேன்?

முருகன், 7:41
கெட்டிக்காரன்லே. மொத்த சீட்டுல 40 சதவீதம் ஏப்ரல்ல ஒரே நாள்ல விடுவாங்க, அது போயிருக்கும். மிச்சம் 60 சதவீதம் பயணத்துக்கு ரெண்டு நாள் முன்ன காலை 8 மணிக்குத் திறக்கும். நம்மூர் நேரம் ராத்திரி 7:30.
அதனால வேன் ரத்தானா மாத்து ஏற்பாடு இது. செவ்வாய் போவணும்னா ஞாயித்துக்கெழமை அங்கத்த நேரம் காலை 7:50க்கே உள்ள நுழைஞ்சு, கணக்கு திறந்து, ஆள் பேர், அட்டை நம்பர் எல்லாம் போட்டு வச்சிருக்கணும். 8 அடிச்ச பொறவு கணக்கு திறக்க ஆரம்பிச்சா சீட்டு போயிரும். மொரைன்னு அமுக்கு, லூயிஸ்னு தனியா ஒண்ணு இருக்கும், அவசரத்துல மாத்தி அமுக்கிறாத. அப்படியே அமுக்கினாலும் இணைப்பு பஸ்ஸுல மொரைன் போவலாம், வரிசைதான் கூட.

செல்வி, 7:45
வேன் கால்கரில இருந்தே எடுக்கவா, பான்ஃப்ல இருந்தா?

முருகன், 7:51
பான்ஃப். கால்கரில இருந்து லேக் லூயிஸ் 180 கிலோமீட்டருக்கு மேல, போவ ரெண்டு மணி, வர ரெண்டு மணி. நடுவுல ஆளுகள ஏத்தி எறக்க ஓட்டல் ஓட்டலா நிப்பான். பதினோரு மணி நேரம் சின்னப் பையன் ஒக்காரமாட்டான். முந்தின நாள் பான்ஃப்ல தங்கிட்டா காலைல முக்கால் மணி நேர ஓட்டம்தான், 57 கிலோமீட்டர்.
வழில ரோட்டுக்குக் குறுக்க மரம் நட்ட மேம்பாலம் வரும், பையனுக்குக் காட்டு. மான், கரடி கடக்கக் கட்டினது. ரெண்டு பக்கமும் வேலி போட்டு மிருகத்த அதுக்குத் திருப்பி விடுதாங்க.

முன்பதிவு பண்ணும்போது இதெல்லாம் கேளு:
மொரைன்ல எத்தன மணி நேரம், எழுத்துல. சிலது "மொரைன் வழியா"ன்னு போட்டு முக்கா மணில கெளப்பிருவான்.
பூங்கா நுழைவுச் சீட்டு விலைக்குள்ளயா வெளியயா. ஒன் காருக்குத் தனியா பாஸ் வேணும், பான்ஃப்ல நிறுத்துறதும் தேசியப் பூங்காவுக்குள்ளதான்.
புகைக்கு ரத்து உண்டா. காட்டுத்தீ புகை வந்தா சிகரமே தெரியாது, ஆனா வண்டி ஓடும். பல பேர் பணம் திருப்பமாட்டான்.
குழந்தை இருக்கை. ஆல்பர்ட்டால 6 வயசுக்குக் கீழ, 18 கிலோவுக்குள்ள இருந்தா இருக்கை கட்டாயம். வேன்ல அவங்க தருவாங்களா, நீ கொண்டாரணுமா?
விலைக்கு மேல 5 சதவீதம் வரி விழும். கைடுக்கு டிப்பும் எதிர்பாப்பாங்க, 15 சதவீதம் வழக்கம்.

கணபதி மாமா, 7:53
டிப்பு வேறயா. நல்ல கூத்து.

லட்சுமி அத்தை, 7:55
சாப்பாடு? நான் புளியோதரை கிளறிக் கொண்டாறேன், கெடாது.

முருகன், 8:01
புளியோதரைதான் சரி அத்தை. மூடி இறுக்கமான டப்பாவுல, ஸ்பூனோட. மேல விடுதியோட சின்னக் கடைதான், காபி, ரொட்டி, விலையும் அதிகம். தயிர்சாதம் குளிர்ல ஒறஞ்சு போவும், வேண்டாம். வெந்நீர் பிளாஸ்க் கட்டாயம்.
கீழ ஒரு பருக்கை சிந்தக்கூடாது. தரை அணிலும் நட்கிராக்கர்னு ஒரு பறவையும் டப்பாவுக்குள்ளயே கை வைக்கும். பையன் பாவம்னு ஒரு கடலை போட்டாலும் குத்தம்தான், தேசியப் பூங்காச் சட்டத்துல அபராதம் 25,000 டாலர் வரை. சாப்பாட்டுப் பைய பெஞ்சுல வச்சிட்டு போட்டோ எடுக்கப் போவாதிய. வாசனைக்குக் கரடி வரும், வந்த கரடிக்கு ஆள் பயம் போயிட்டா கடைசில சுட வேண்டியிருக்கும்.

கணேஷ், 8:02
கரடி நேர்ல வந்தா?

முருகன், 8:05
ஓடக்கூடாது. 100 மீட்டர் தள்ளி நிக்கணும், மானுக்கு 30. கைடு கையில கரடி ஸ்பிரே இருக்கும். அத ஊர்ல இருந்து விமானத்துல கொண்டாறேன்னு நெனைக்காதிய, ஏத்தமாட்டான்.
ட்ரோனும் தடை, மாமா தோழர் வீட்டுப் பையன் ஒண்ணு குடுத்தனுப்புவான், வாங்காதிய.

செல்வி, 8:08
படகு?

முருகன், 8:10
மணிக்கு 100 டாலருக்கு மேல, முன்பதிவு கெடையாது. ஒண்ணரை மணி நேரத்துல ஒரு மணி வரிசைல போயிரும். தண்ணி ஐஸ். விட்டுரு.
போன் சிக்னல் மேல கெடைக்காது, டிக்கெட்ட படமெடுத்து வச்சுக்கோ. எறங்கும்போதே வண்டி நம்பரையும் கெளம்புற நேரத்தையும் மாமா போன்லயும் படமெடுத்து வை. ஒரே மாதிரி வெள்ளை வேன் பத்து நிக்கும்.
துணி மூணு அடுக்கு. உள்ள பருத்தி பனியன் வேண்டாம், வேர்த்தோ நனைஞ்சோ போனா காயாது, அதுதான் குளிர உள்ள கொண்டாரும். மேல காத்து பொறுக்கிற கோட்டு. பையனுக்கு கையுறை ரெண்டு ஜோடி, ஒண்ணு நிச்சயம் தொலையும்.

கணேஷ், 8:12
அண்ணே, பழைய கனடா 20 டாலர் நோட்டுல இருக்க ஏரி இதானா?

முருகன், 8:13
இதேதான், 1969 வரிசை நோட்டோட பின்பக்கம்.

செல்வி, 8:31
பான்ஃப்ல இருந்து காலை 9 மணி வேன், புதன்கெழமை 16. மொரைன் முதல்ல, 90 நிமிசம்னு எழுதியே போட்டிருக்கான். நாலு சீட்டு, குழந்தை இருக்கை அவங்களே தாறாங்க, நுழைவுச் சீட்டு உள்ளயே. 72 மணி நேரம் முன்ன வரை ரத்து பண்ணலாம். அப்பாவுக்கு மூத்தோர் சலுகை உண்டு, வயசுக்கு பாஸ்போர்ட் போதுமாம்.

முருகன், 8:33
அப்ப 12ஆம் தேதி சாயங்காலம் புகை, பனி ரெண்டையும் பாத்துட்டு சொல்லுதேன். 13 காலை 9 மணிக்குள்ள இருக்கவா விடவான்னு முடிவு பண்ணிரு. விட்டா 14ஆம் தேதி காலை 8 மணிக்கு பார்க்ஸ் சீட்டு திறக்கும், அதுக்கும் வழி இருக்கு.

கணபதி மாமா, 8:34
16 எழுதிக்கிட்டேன். கைத்தடி இங்கன ஜங்ஷன்லயே வாங்கிரவா?

முருகன், 8:35
வேண்டாம் மாமா, மடக்குற தடியா செல்வி அங்க வாங்கட்டும். அடில ரப்பர் இருக்கணும்.