மகளின் வட்டியும் என் ரீஃபண்டும்: தனித்துப் பிள்ளை வளர்ப்பவர்களின் வரிக்கணக்கு அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து, ஒரு கல்லூரி விரிவுரையாளர்

என் கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வந்த வருங்கால வைப்பு நிதி, காப்பீட்டுப் பணம் ஆகியவற்றில் 12 லட்ச ரூபாயை எங்கள் மகளின் பெயரில் வங்கியில் வைப்பாகப் போட்டேன். அவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 84,000 ரூபாய் வருகிறது. கார்டியன் என்ற முறையில் என் பான் எண்ணைக் கொடுத்திருந்ததால், 2024-25 நிதியாண்டில் வங்கி அதில் 10 சதவீதமான 8,400 ரூபாயை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்து என் பெயரில் கட்டியிருந்தது. என் சம்பளம் மாதம் 60,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 6,45,000 ரூபாய்தான் நிற்கும். அந்த நிதியாண்டில் 7 லட்சம் வரை முழு வரித் தள்ளுபடி இருந்ததால் கல்லூரியில் வரி எதுவும் பிடிக்கவில்லை.

2025 ஜூனில், மேட்டூர் அணை திறந்த வாரத்தில், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றான ஃபாரம் 16 கைக்கு வந்தது. உடன் பணிபுரிபவர் ஒருவர், "சேமிப்பு, பள்ளிக் கட்டணத்துக்கெல்லாம் கழிவு தரும் 80சி பிரிவில் ஒன்றரை லட்சம் காட்டுங்கள் மேடம், முப்பதாயிரம் திரும்பி வரும்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். அதை அப்படியே நம்பி, மகளுக்கு லேப்டாப் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். ரீஃபண்ட் என்பது நம்மிடம் ஏற்கெனவே பிடித்த வரியில், நாம் உண்மையில் கட்டவேண்டியதற்கு மேல் உள்ள மிச்சம் மட்டுமே. என்னிடம் பிடித்ததே 8,400 ரூபாய் என்னும்போது, எத்தனை ரசீதுகளை அடுக்கினாலும் முப்பதாயிரம் எங்கிருந்து வரும்?

இரண்டாவது அதிர்ச்சி, கணக்குத் தாக்கல் செய்ய வருமான வரி இணையதளத்தில் உட்கார்ந்தபோது வந்தது. 18 வயது நிரம்பாத பிள்ளையின் வட்டி வருமானம், பெற்றோரில் வருமானம் அதிகமுள்ளவரின் கணக்கில் சேரும். எங்கள் வீட்டில் நான் ஒருத்தியே என்பதால் 84,000 முழுவதும் என் தலையில் வந்து சேர்ந்தது. மொத்தம் 7,29,000 ஆகி, 7 லட்சம் என்ற தள்ளுபடி எல்லையைத் தாண்டிவிட்டது. வரி 22,900, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 23,816. அதில் 8,400 போக, நான் கட்ட வேண்டியது 15,416 என்று திரை காட்டியது. அதற்கு மேல் தாமதத்துக்கான வட்டி வேறு. வாங்கப் போகிறோம் என்று எண்ணியிருந்தவளுக்குக் கட்ட வேண்டும் என்று வந்தது. தனித்துப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கென்று நம் வருமான வரிச் சட்டத்தில் தனிப் பிரிவோ கூடுதல் விலக்கோ கிடையாது என்பது, உண்மையைச் சொன்னால், அன்றிரவு எனக்கு மிகவும் வலித்தது.

சாப்பாட்டு மேசையில் மகளின் பழைய கோடுபோட்ட நோட்டை விரித்து, நடுவில் ஒரு கோடு கிழித்து, வலப்பக்கம், வாடகை, சேமிப்பு போன்றவற்றைக் கழிக்க விடும் பழைய வரி முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன். சம்பளம் 7,20,000; நிலையான கழிவு 50,000 போக 6,70,000. ஆண்டு வாடகை 1,08,000. அதிலிருந்து, அடிப்படைச் சம்பளமான 4,80,000-இல் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் வாடகைப்படியில் 60,000 விலக்கு. மீதி 6,10,000. பழைய முறையில் பிள்ளையின் வருமானத்தில் 1,500 ரூபாய்க்கு விலக்கு இருப்பதால், வட்டி 82,500 சேர்ந்து 6,92,500. பி.எஃப். 57,600, பள்ளியின் டியூஷன் கட்டணம் 48,000, எல்ஐசி 24,400, செல்வமகள் சேமிப்பு 20,000 என்று 80சி சரியாக ஒன்றரை லட்சம். எங்கள் இருவரின் மருத்துவக் காப்பீடு 17,500. காப்பீடு இல்லாத, எழுபது வயதான என் அம்மாவுக்கு வங்கி வழியாகச் செலுத்திய மருத்துவச் செலவு 28,000. இவை எல்லாம் கழித்து 4,97,000 என்று வந்தது. பழைய முறையில் 5 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி. நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், அருகில் படித்துக்கொண்டிருந்த மகள், "என்னம்மா, தப்பா?" என்று கேட்டாள்.

ரசீதுகளையும் வீட்டுக்கார அம்மாவின் பான் எண்ணையும் வாங்கிக்கொண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் தாக்கல் செய்தேன். கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் மட்டுமே பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதை, இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். அந்த ஆண்டு கெடு நீட்டிக்கப்பட்டிருந்தது என் நல்ல காலம். அக்டோபரில் ஏழு மாத வட்டியோடு 8,690 ரூபாய் வந்தது. 2025-26 முதல் புதிய முறையில் தள்ளுபடி 12 லட்சம் வரை உயர்ந்திருப்பதால், என் போன்ற சம்பளக்காரர்களுக்கு அடுத்த முறை நோட்டின் அந்த வலப்பக்கக் கணக்கே தேவைப்படாது. லேப்டாப் பொங்கலுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்

சகோதரி, உங்கள் நோட்டுக் கணக்கைப் படித்தபோது எனக்கும் எழுதத் தோன்றியது. என் கணவர் 2024 நவம்பர் கடைசியில் மறைந்தார். மாதச் சம்பளம் 1,10,000. பன்னிரண்டு மாதச் சம்பளம் வரும் என்று கணக்கிட்டு அலுவலகத்தில் மாதம் சுமார் 7,700 பிடித்திருந்தார்கள். எட்டு மாதத்தில் அது 61,700. ஆனால் எட்டு மாத வருமானத்துக்கு உண்மையான வரி 31,720 மட்டுமே. ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய் அவருடைய பான் எண்ணில் யாரும் கேட்காமல் கிடந்தது. இறந்தவரின் கணக்கை யார் தாக்கல் செய்வது என்று எனக்குத் தெரியவே தெரியாது. தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் இணையதளத்தில் ஏற்றி, சட்டப்படியான வாரிசாக என்னைப் பதிவு செய்த பிறகே அவருடைய கணக்கை என்னால் திறக்க முடிந்தது. எனக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அவர் கணக்கில் சேராது. அது என் வருமானம். புதிய முறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழிவாகும். அண்மையில் கணவரை இழந்த யாராவது உங்கள் தெருவில் இருந்தால், மறைந்தவரின் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

திருவாரூரிலிருந்து, ஒரு தகப்பன்

விவாகரத்துக்குப் பின் மகனை நான்தான் வளர்க்கிறேன். மணவாழ்க்கை முறிந்தவர்களிடத்தில், பிள்ளையைப் பராமரிப்பவரின் கணக்கில்தான் அவன் வருமானம் சேரும். ஆனால் அவனுக்குப் பதினாறு வயது, தவில் வாசிக்கிறான். கச்சேரிக்குக் கொடுத்த 60,000 ரூபாயில் 6,000 பிடித்திருந்தார்கள். அதை என் வருமானத்தில் சேர்க்க இருந்தேன். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது பெற்றோர் கணக்கில் சேராது என்று ஆடிட்டர் தடுத்தார். மகன் பெயரில் பான் எடுத்து, கார்டியனாக நான் கையொப்பமிட்டுத் தாக்கல் செய்ததில் 6,000 முழுவதும் திரும்பி வந்தது. அந்தப் பணத்தை வைப்பாகப் போட்டேன். அதன் வட்டி மட்டும் என் கணக்கில் சேரும்.