கரியை மட்டும் மாத்தினா போதுமா, ஃபில்டரையே மாத்தணுமா?

மாடிவிளக்கு:
அறைக்குள்ள டென்ட் போட்டு எல்.இ.டி. வெளிச்சத்துல சாமந்தி, லாவெண்டர், ரோஸ்மேரி வளர்க்கிறேன். பூக்கிற சமயத்துல வாசனை வீடு பூரா அடைச்சுக்குது, அம்மாவுக்குத் தலைவலி. அதுக்காகத்தான் கார்பன் ஃபில்டர் மாட்டினேன் (ரெண்டு வலைக்கு நடுவுல கரி அடைச்ச டிரம், ஃபேன் டென்ட் காற்றை அது வழியா இழுத்து வெளிய விடும்). 14 மாசம் நல்லா ஓடுச்சு, இப்ப மூணு வாரமா வாசனை வெளிய வருது. ஃபில்டர் மூடி ஸ்க்ரூ வச்சது, கழட்டலாம். உள்ள இருக்கிற கரியை மட்டும் மாத்தலாமா? பழைய கரியையே சமையல் அவன்ல (oven) சுட்டா போதும்னும் ஒருத்தர் சொன்னார்.

கரிக்கை:
தாராளமா மாத்தலாம். ஒரே டிரம்மை மூணு தடவை நிரப்பியிருக்கேன். தகரமும் வலையும் தேயாது. தீர்ந்துபோறது கரி மட்டும்தான். எவ்வளவு கரி வேணும்னு இப்படிக் கணக்குப் போடுங்க: வெளி விட்டம் 20 செ.மீ., உள் விட்டம் 12 செ.மீ., நீளம் 50 செ.மீ.ன்னா ரெண்டு வலைக்கும் நடுவுல கரி நிக்கிற இடம் ஏறக்குறைய 10 லிட்டர். ஆக்டிவேட்டட் கார்பன் (உள்ள நுண்துளைகள் உண்டாக்கின கரி) லிட்டருக்கு அரைக் கிலோ சுமாருக்கு நிக்கும். ஆக 5 கிலோ. காற்றுக்குன்னு விக்கிற சிரட்டைக் கரியா வாங்குங்க. மீன்தொட்டிக் கரி வேண்டாம், அது தண்ணிக்குச் செஞ்சது. அடுப்புக்கரி பக்கமே போகாதீங்க. அது ஆக்டிவேட் பண்ணாத கரி. ஒரு கிராம் நல்ல ஆக்டிவேட்டட் கார்பனுக்குள்ள ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும், அடுப்புக்கரி கிட்டகூட வராது.

நேர்கோடு:
கணக்கு சரி நண்பரே, ஆனால் கரி வாங்குவதில் இல்லை பிரச்சினை, அடைப்பதில்தான். தொழிற்சாலையில் டிரம்மை அதிரவைத்துக்கொண்டே கரியை இறக்குகிறார்கள். வீட்டில் கரண்டியால் அள்ளிப்போட்டு மூடினால், ஃபேன் அதிர்வில் ஒரே மாதத்தில் கரி கீழே உட்கார்ந்துவிடும். ஃபில்டரைப் படுக்கவைத்துத் தொங்கவிட்டிருந்தால் மேல்பக்கம் நீளவாக்கில் ஒரு சந்து விழும். பள்ளம் கண்ட இடத்தில் தண்ணீர் பாய்கிற மாதிரி, காற்று அந்தச் சந்து வழியே போய்விடும். மிச்சக் கரி எல்லாம் சும்மா கிடக்கும். இரண்டு முறை நிரப்பி, இரண்டு முறையும் ஏமாந்தவன் சொல்கிறேன். புதிது வாங்குங்கள்.

கரிக்கை:
நீங்க ஏமாந்தது கரண்டியால. நான் கால் பங்கு போட்டதும் நிறுத்திடுவேன். ரப்பர் சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டுவேன், மட்டம் இறங்கும், மறுபடி போடுவேன். ஒரு மணி நேரம் ஆகும். மூடும்போது கரி விளிம்புக்கு மேல கொஞ்சம் நிக்கணும், மூடியை அழுத்தித்தான் ஸ்க்ரூ போடணும். குலுக்கிப் பார்த்தா ‘கலகல’ சத்தம் வரக் கூடாது. வெட்டவெளியில, மாஸ்க் போட்டுக்கிட்டு செய்யுங்க. நான் முதல் தடவை அறைக்குள்ள செஞ்சுட்டு ரெண்டு நாள் கறுப்பா தும்மினேன்.

அவன்காரி:
சுட்டா போதும்னு சொன்னது வேற யாரோ, ஆனா நானும் சொல்றேன். தட்டுல பரப்பி 200 டிகிரியில ரெண்டு மணி நேரம். எனக்கு மறுபடி வேலை செஞ்சது, பொய் சொல்லலை.

நேர்கோடு:
சகோதரி, இது ஆபத்து. கரியை உண்மையிலேயே புதுப்பிக்க வேண்டுமானால் 800, 900 டிகிரி வேண்டும். அதுவும் ஆக்சிஜன் இல்லாமல், நீராவி விட்டு. அதற்கென்றே சூளை வைத்துச் செய்கிறார்கள். சமையல் அவனில் காற்று இருக்கிறது, கரியோ எரியக்கூடியது, அதன் தூளோ இன்னும் மோசம். போதாததற்கு, கரி பிடித்துவைத்த வாசனையில் ஒரு பங்கு உங்கள் சமையலறைக்கே திரும்பும்.

அவன்காரி:
அப்ப எனக்கு மட்டும் எப்படி வேலை செஞ்சது?

கரிக்கை:
இந்த ஒரு விஷயத்துல நான் நேர்கோடு கட்சி. அவன்ல வைக்காதீங்க. ஆனா நீங்க பார்த்ததும் பொய்யில்லை. நீங்க விரட்டினது தண்ணியை. காற்றுல ஈரப்பதம் 60, 70 சதவீதத்தைத் தாண்டினா நீராவி கரியோட நுண்துளைகள்ல போய் உட்கார்ந்துக்கும். வாசனை மூலக்கூறு வந்து பார்த்தா இடம் இல்லை. சுட்டதும் தண்ணி போச்சு, இடம் காலியாச்சு. எத்தனை நாள் நீடிச்சது?

அவன்காரி:
மூணு வாரம்.

கரிக்கை:
அதேதான். ஈரம் திரும்பி வந்துடுச்சு. உலர்ந்த காற்றை ஃபில்டர் வழியா ரெண்டு நாள் ஓட்டியிருந்தா அவனே தேவைப்பட்டிருக்காது.

மாடிவிளக்கு, உங்ககிட்ட ஒரு கேள்வி: வாசனை எப்பவும் வருதா, விளக்கு அணைஞ்ச நேரத்துல மட்டுமா? விளக்கு அணைஞ்சா டென்ட் குளிரும், ஈரப்பதம் சட்டுனு ஏறும். அப்ப மட்டும் வந்தா கரி தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை.

மண்புழுப்பெட்டி:
எனக்கு இந்த ஃபில்டர் மேலேயே நம்பிக்கை இல்லை. உரப்பெட்டி நாத்தத்துக்கும் மீன் கரைசல் நாத்தத்துக்கும் புத்தம்புது ஃபில்டர் மாட்டினேன். முதல் நாளே மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தோம். புதுசு, பழசு, நிரப்பினதுன்னு நீங்க அடிச்சுக்கிறதே வேடிக்கையா இருக்கு.

நேர்கோடு:
உங்கள் நாற்றத்தில் பெரும்பங்கு அம்மோனியாவாக இருக்கும். சாதாரணக் கரி அதைச் சரியாகப் பிடிக்காது. சின்ன மூலக்கூறு, நழுவிவிடும். அதற்கு அமிலம் ஏற்றிய கரி இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காரம் ஏற்றியது. பூ, மூலிகை வாசனை பெரிய மூலக்கூறு, அதைச் சாதாரணக் கரியே கவ்விக்கொள்ளும். கரியின் மேல் பழி போடாதீர்கள், பெட்டிக்குக் காய்ந்த இலையும் காற்றோட்டமும் கொடுத்துப் பாருங்கள்.

மண்புழுப்பெட்டி:
ஃபில்டர் டப்பா மேல ‘எல்லா வாசனையும் போகும்’னு போட்டிருந்தான். அமிலம், காரம்னு ஒரு வார்த்தை இல்லை. யார் மேல பழி போடுறது?

நேர்கோடு:
அதில் உங்கள் கோபம் நியாயம்.

மாடிவிளக்கு:
கழட்டிட்டேன். வரிசையா சொல்றேன்.

முதல்ல வெளித்துணி உறை. வெள்ளையா வாங்கினது, சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஆயிடுச்சு. 14 மாசத்துல ஒரு தடவைகூடத் துவைக்கலை (திட்டாதீங்க). முன்னாடியெல்லாம் டென்ட் சுவர் உள்பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கும், இப்ப உறை அடைச்சுக்கிட்டு ஃபேன் காற்றை இழுக்க முடியாம தொளதொளன்னு நின்னுச்சு. எனக்கு அது உறைக்கவே இல்லை. துவைச்சுக் காயவச்சு மாட்டினதும் சுவர் மறுபடி இழுத்துக்கிச்சு. பகல் வாசனை அப்பவே போயிடுச்சு.

ராத்திரி இன்னும் லேசா வருது. ஈரப்பத மீட்டர் விளக்கு அணைஞ்சப்புறம் 78 காட்டுது. மூடியைத் திறந்தா, நேர்கோடு சார் சொன்ன மாதிரி மேல்பக்கம் ரெண்டு விரல் போற அளவுக்குச் சந்து.

கரிக்கை:
பாருங்க! இது தொழிற்சாலையில அடைச்ச ஃபில்டர். யாரும் கரண்டியால போடலை.

நேர்கோடு:
ஒப்புக்கொள்கிறேன். 14 மாதம் படுக்கவைத்தால் எதுவும் உட்காரும்தான். ஆனால் சந்தில் மட்டும் புதுக்கரி போட்டுச் சமாளிக்காதீர்கள். பழையதும் புதியதும் ஒரே வேகத்தில் தீராது. போடுவதானால் முழுக்கக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

கரிக்கை:
அவசரம் எதுக்கு? பகல்ல வாசனை சுத்தமா நின்னுடுச்சுன்னா கரிக்கு இன்னும் உயிர் இருக்கு. சந்தை மட்டும் இப்ப அடைங்க, தட்டித் தட்டி. ராத்திரி ஈரப்பதத்தை 60க்குள்ள கொண்டுவாங்க. ஃபேன் வேகத்தையும் கொஞ்சம் குறைங்க. நான் சொன்ன டிரம்முல மணிக்கு 400 கன மீட்டர் ஓட்டினா, காற்று கரிக்குள்ள இருக்கிறது 0.09 நொடிதான். 200க்குக் குறைச்சா 0.18. கரிக்குப் பிடிக்க நேரம் கிடைக்கும்.

நேர்கோடு:
ரொம்பக் குறைத்தால் டென்ட் சுவர் மறுபடி தொளதொளக்கும், ஜிப் வழியே வாசனை கசியும். சுவர் உள்பக்கம் இழுத்திருக்கிற அளவோடு நிறுத்துங்கள்.

அவன்காரி:
பழைய கரியைக் கொட்டினா தூக்கிப் போடாதீங்க, நான் வாங்கிக்கிறேன். (அவன்ல வைக்க மாட்டேன். ஷூ அலமாரிக்கு.)

மாடிவிளக்கு:
இப்போதைக்குச் சந்தை அடைச்சிட்டேன், 700 கிராம் பிடிச்சது. ஃபில்டரைப் படுக்கவைக்காம நிக்கவச்சிருக்கேன். ராத்திரி மீட்டர் 58. அம்மா இன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. ஆனா அவங்களுக்கு ஜலதோஷம் வேற, அதனால அடுத்த வாரம்தான் உறுதியா சொல்ல முடியும்.