மூன்று கிளிக் விதியை இன்னும் எத்தனை பேர் தலையில் கட்டப் போகிறீர்கள்?

பழைய மானிட்டர்:
வாட்சப்பில் ஒரு படம் சுற்றுகிறது. "வெப் டிசைன் கற்போருக்குப் பத்துப் பொன்விதிகள்." மூன்றாவது விதி இது: "பயனர் தேடுவது மூன்று கிளிக்குக்குள் கிடைக்க வேண்டும். நான்காவது கிளிக்கில் அவர் போய்விடுவார்." கீழே நம் வடிவழகனின் வார இறுதி வகுப்புக்கு விளம்பரம். வகுப்பு நடத்தட்டும், பிழைப்பு. ஆனால் காலேஜ் பிள்ளைகளிடம் பணம் வாங்கிக்கொண்டு செத்துப்போன விதியை விற்கலாமா?

2003-லேயே ஜாஷுவா போர்ட்டர் இதை எண்ணிப் பார்த்துவிட்டார். இணையதளங்களை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜாரெட் ஸ்பூலின் நிறுவனத்தில் இருந்தவர். 44 பேர், 620 வேலைகள், 8,000-க்கும் மேற்பட்ட கிளிக்குகள். மூன்றாவது கிளிக்கோடு யாரும் கூட்டமாக ஓடவில்லை. பன்னிரண்டாவது கிளிக்கில் விட்டுப் போவதைவிட மூன்றாவதில் போவது அதிகமாக இல்லை. சிலர் இருபத்தைந்து வரைகூடப் போயிருக்கிறார்கள். கிளிக் கூடியதால் திருப்தி குறைந்ததாகவும் தெரியவில்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த மூன்று?

வடிவழகன்:
வணக்கம். இந்தப் பக்கம் வருவதில்லை என்றுதான் இருந்தேன், காரணம் எல்லோருக்கும் தெரியும். பெயரை இழுத்ததால் வந்தேன்.

மூன்று கிளிக் என் கண்டுபிடிப்பு அல்ல. ஜெஃப்ரி ஸெல்ட்மன் 2001-இல் எழுதிய புத்தகத்திலேயே அதற்கு ஆதரவாகச் சொல்லியிருக்கிறார். உலாவிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் வலைத் தரங்களுக்காகச் சண்டை போட்டவர் அவர். அவரைவிட மானிட்டர் சாருக்கு அதிகம் தெரியும் என்றால் சரி, மாலை போட்டுவிடலாம். 44 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

பழைய மானிட்டர்:
44 பேர் போதாதாம். உங்கள் விதிக்குப் பின்னால் எத்தனை பேர் வாத்தியாரே? சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

குமரன்_கோட்:
சின்ன சந்தேகம். போனில் மூன்று கோடு ஐகானைத் தொட்டு மெனுவைத் திறப்பது ஒரு கிளிக்கா? பின்னால் போவது கணக்கில் வருமா? தேடல் பெட்டியில் எழுதி எண்டர் தட்டினால்? எதை எண்ணுகிறோம் என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

வடிவழகன்:
தம்பி, அதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

மானிட்டர் சாருக்கு ஒரு கேள்வி. கிளிக் எண்ணிக்கை முக்கியமே இல்லையென்றால் அமேசான் 1999-இல் ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு ஏன் காப்புரிமை வாங்கியது? 2017-இல் அது காலாவதியாகும் வரை ஏன் கட்டிக் காத்தது? பொழுதுபோகாமலா?

பழைய மானிட்டர்:
இதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லிவிட்டார். அது வாங்குவது, தேடுவது அல்ல. முகவரியும் கார்டும் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, அதனால் ஒரு கிளிக் போதும். எனக்கு எந்த மிக்ஸி வேண்டும் என்று ஒரே கிளிக்கில் கண்டுபிடித்துத் தருவதற்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை.

பிரிட்டன் அரசின் கவ் டாட் யூகே தளத்தைப் பாருங்கள். 2012 அக்டோபரில் பழைய டைரக்ட்கவ் தளத்தை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியம் அந்த ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்று விருது கொடுத்தது. ஒரு இணையதளத்துக்கு! அங்கே படிவங்களுக்கு என்ன வழி? ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம். பெயர் ஒரு பக்கம், பிறந்த தேதி ஒரு பக்கம், முகவரி ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் "தொடர்க" பொத்தான். எண்ணிப் பாருங்கள், எத்தனை கிளிக் என்று. உங்கள் கணக்குப்படி பிரிட்டன் மக்கள் பாதியிலேயே எழுந்து போயிருக்க வேண்டும்.

வடிவழகன்:
அது படிவம் சார். நான் சொல்வது மெனு. படிவத்தையும் மெனுவையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

பழைய மானிட்டர்:
உங்கள் படத்தில் "எதுவும்" என்று போட்டிருக்கிறதா இல்லையா? இப்போது படிவம் வேறு என்கிறீர்கள். நாளைக்குத் தேடல் வேறு என்பீர்கள். மூன்று என்ற எண் மட்டும் மாறாது, மற்றதெல்லாம் மாறும்.

நெல்லை நித்யா:
"எதுவும்" என்று அந்தப் படத்தில் இல்லை மானிட்டர் அண்ணே, "தேடுவது" என்றுதான் இருக்கிறது. நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்.

நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன், இந்த மூன்று கிளிக்கால் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு காப்பீட்டுத் தளம். வாடிக்கையாளர் எங்கோ இதைக் கேட்டுவிட்டு எல்லாமே மூன்றுக்குள் வேண்டும் என்று நின்றார். டிசைனர் என்ன செய்வார்? அடுக்குகளைக் குறைத்து எல்லா இணைப்பையும் முகப்பில் கொட்டினார். கோயில் திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர்கள் நெருக்குமே, அப்படி. கிளிக் இரண்டாகிவிட்டது. எதைத் தொடுவது என்று முடிவு செய்யத்தான் ஆட்களுக்கு நேரம் போனது. போனில் இன்னும் மோசம். விரல் பட வேண்டிய இடம் குறைந்தது 44 புள்ளி இருக்கட்டும் என்கிறது ஆப்பிள், 48 என்கிறது கூகுள். அங்கே அதில் பாதி இருந்தாலே பெரிய விஷயம்.

பழைய மானிட்டர்:
கேட்டீர்களா வாத்தியாரே? களத்தில் இருப்பவர் சொல்கிறார். ஹிக் என்ற உளவியலாளர் 1952-லேயே சொன்னார், தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று. நித்யா மேடம் அதைத்தான் கண்ணால் பார்த்திருக்கிறார்.

வடிவழகன்:
ஹிக் விதியைப் பாதி படித்தவர் பேச்சு இது. நேரம் கூடும், ஆனால் மடக்கைக் கணக்கில் கூடும். தேர்வு இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகாது. அப்படியென்றால் ஒவ்வொரு அடுக்காக இறங்குவதைவிட ஒரே பக்கத்தில் அகலமாக வைப்பதுதான் லாபம். உங்கள் சாட்சி என் பக்கம் பேசுகிறார்.

1998-இல் லார்சனும் மைக்ரோசாஃப்டின் செர்வின்ஸ்கியும் 512 பொருள்களை வைத்துச் சோதித்தார்கள். ஓர் அமைப்பில் எட்டு இணைப்பு, ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டு, அதற்குள்ளும் எட்டு. மற்றதில் பதினாறும் முப்பத்திரண்டுமாக இரண்டே அடுக்கு. எது மெதுவாக இருந்தது? எட்டு எட்டு எட்டு. அடுக்கு குறைந்தால் வேகம். என் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

பழைய மானிட்டர்:
நன்றி! மிக்க நன்றி! அந்த எட்டு எட்டு எட்டு எத்தனை கிளிக்? மூன்று! உங்கள் பொன்விதியில் தேர்ச்சி பெற்ற அமைப்புதான் அங்கே தோற்றது. மூன்றுக்குள் இருந்தால் நல்லது என்று எங்கே நிரூபணமாயிற்று? இரண்டுக்கும் மூன்றுக்கும் நடந்த போட்டியில் மூன்றுக்கும் நான்குக்கும் என்ன தீர்ப்பு? ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு கிளிக்கிலும் சரியான வழியில்தான் போகிறோம் என்ற வாசனை பயனருக்குக் கிடைத்தால் அவர் போய்க்கொண்டே இருப்பார். ஸெராக்ஸின் பார்க் ஆய்வுக்கூடத்தில் பிரோல்லியும் கார்டும் சொன்ன கணக்கு அது. மிருகம் இரையை மோப்பம் பிடிப்பது போலத்தான் ஆட்கள் தகவலைத் தேடுகிறார்கள் என்றார்கள். இணைப்பின் பெயரைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கும் என்று தெரிய வேண்டும். "சேவைகள்", "மேலும்", "இதர" என்று மூன்று இணைப்பு வைத்துவிட்டு மூன்றே கிளிக் என்று மார் தட்டினால் யாருக்கு லாபம்? இதைச் சொல்லிக்கொடுங்கள், நானே வந்து உங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறேன்.

தாமிரபரணி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இணைப்பின் பெயர் என்றதும் ஒன்று தோன்றியது. ஆங்கிலத் தளத்துக்குப் போட்ட வார்ப்பில் தமிழை ஊற்றினால் "விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்" பொத்தானுக்குள் அடங்காமல் "விண்ணப்பத்தைச் சம..." என்று நிற்கிறது. வரி இடைவெளியை 1.2 என்று விட்டால் மேல் வரியின் "ழு"வும் கீழ் வரியின் "கீ"யும் முட்டிக்கொள்கின்றன. 1.5-க்கு மேல் வைத்தால்தான் மூச்சு விடுகிறது. தமிழில் தளம் செய்பவர்களுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா? எத்தனை கிளிக் என்பதைவிட இது அவசரம் என்று எனக்குப் படுகிறது.

வடிவழகன்:
நல்ல கருத்து தாமிரபரணி. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

மானிட்டர் சார், 2003 ஆய்வு மேசைக் கணினிக் காலத்தது. இன்று பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் தேடுகிறார்கள். சிக்னல் வந்து வந்து போகிறது. ஒவ்வொரு கிளிக்கும் ஒரு பக்கம் திறக்கக் காத்திருப்பது. அவர்களிடம் போய் வாசனை, மோப்பம் என்று வகுப்பெடுங்கள்.

பழைய மானிட்டர்:
அப்படியென்றால் பக்கத்தைச் சிறிதாக்குங்கள். முகப்பில் ஐந்து படம் ஓடும் ஸ்லைடர் வைக்கச் சொல்லி இதே இடத்தில் போன தீபாவளிக்கு வாதாடியவர் யார்? சிக்னல் அப்போது நன்றாக வந்ததா? அந்த இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. பாதியில் காணாமல் போனவர் இப்போது பஸ் பயணிக்காகக் கண்ணீர் விடுகிறார்.

வடிவழகன்:
காணாமல் போகவில்லை. என் தளத்தின் நிறத்தைப் பற்றி அநாகரிகமாகப் பேசினீர்கள், அதனால் விலகினேன்.

பழைய மானிட்டர்:
அநாகரிகமா? வெள்ளையில், நிறக் குறியீடாக ஒன்பதை ஆறு முறை (#999999) போட்ட சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாடு 2.85:1. சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும் என்று வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏழு ஆறு ஏழு ஆறு ஏழு ஆறு (#767676) என்று கொஞ்சம் கருக்கினாலே 4.54 வந்துவிடும். எங்கள் அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன், "பக்கம் காலியாக இருக்கிறதே" என்றார்கள். இதைச் சொன்னால் அநாகரிகம்.

வடிவழகன்:
அம்மா கண்ணாடி போட்டிருந்தார்களா?

பழைய மானிட்டர்:
அம்மாவை இழுக்காதீர்கள்.

வடிவழகன்:
நீங்கள்தான் இழுத்தீர்கள் சார்!

நெல்லை நித்யா:
இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். வடிவழகன் சார் தளம் சாம்பல், ஒத்துக்கொள்கிறேன். மானிட்டர் அண்ணே, உங்கள் தளத்தில் இன்னும் "நீங்கள் இத்தனையாவது பார்வையாளர்" பெட்டி இருக்கிறது. "நல்வரவு" இடமிருந்து வலமாக ஓடுகிறது. அதைப் பற்றியும் யாராவது ஆய்வு செய்திருப்பார்கள்.

பழைய மானிட்டர்:
அது வரலாற்றுச் சின்னம். வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை, எல்லோருக்கும் தெரியும். அதோடு வலமிருந்து இடமாக ஓடுகிறது, சரியாகப் பாருங்கள்.

குமரன்_கோட்:
பயன்பாட்டு எளிமையை ஆராயும் நீல்சனின் பத்து வடிவமைப்பு நெறிகளில் கிளிக் எண்ணிக்கை பற்றி எதுவும் இல்லையே? 1994-இல் போட்ட பட்டியல், இன்றைக்குத் தேடிப் படித்தேன். இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று காட்டு, தவறு நேராமல் தடு, நினைவில் வைக்க விடாதே, கண்ணில் காட்டு... இப்படித்தான் போகிறது. எண்ணே கிடையாது.

வடிவழகன்:
ஏழாவதைப் படித்தீர்களா தம்பி? பயன்பாட்டில் நெகிழ்வும் திறனும். திறன் என்றால் என்ன? வேகம். வேகம் என்றால் குறைந்த கிளிக். எல்லாம் அதற்குள் இருக்கிறது.

பழைய மானிட்டர்:
ஏழாவதில் மூன்று இருக்கிறதாம்! அது பழகியவர்களுக்குக் குறுக்குவழி கொடுக்கச் சொல்வது ஐயா. ஒரு விதி இல்லாத இடத்திலெல்லாம் அதைக் கண்டுபிடிப்பது தனித் திறமைதான். ஸ்பூல் எழுதிய கதை தெரியுமா? ஒரு பெரிய கடைத் தளத்தில் பணம் கட்டுமுன் "பதிவு செய்க" என்று ஒரு பொத்தான். அதை எடுத்துவிட்டு "தொடர்க" என்று போட்டு, பதிவு கட்டாயமில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். ஒரே ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை என்று எழுதியிருக்கிறார். அங்கே பொத்தானுக்குப் பதில் பொத்தான்தான். மாறியது மிரட்டல்.

வடிவழகன்:
பதிவுப் பக்கமே போய்விட்டதே சார். பக்கம் போனால் கிளிக்கும் போயிற்று. மறுபடியும் உங்கள் சாட்சி என் பக்கம்தான்.

பழைய மானிட்டர்:
நான் என்ன எழுதினாலும் உங்கள் பக்கமா? நாளைக்குச் சூரியன் கிழக்கே உதித்தால் அதுவும் மூன்று கிளிக்குக்குச் சாட்சியா?

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். ஸ்லைடர் பற்றிய பதிவுகளைப் பழைய இழைக்கு மாற்றுகிறேன்.

பழைய மானிட்டர்:
ஏன் மாற்ற வேண்டும்? அதுதான் ஆதாரம். ஒவ்வொரு முறையும் வாத்தியார் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் பதிவு நகர்கிறது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாமிரபரணி:
தனி இழை தொடங்கியிருக்கிறேன், "தமிழ்ப் பொத்தான்களும் வரி இடைவெளியும்" என்ற தலைப்பில். நேரமிருந்தால் வாருங்கள்.

வடிவழகன்:
சனிக்கிழமை புதிய அணி தொடங்குகிறது. மூன்றாவது விதி அப்படியே இருக்கும். மானிட்டர் சாருக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு, முதல் பெஞ்ச் காலி.

பழைய மானிட்டர்:
சலுகை போக எவ்வளவு என்று உங்கள் தளத்தில் பார்க்கப் போனேன். "பாடங்கள்", "எங்களைப் பற்றி", "தொடர்புக்கு", அதற்குள் ஒரு பிடிஎஃப். கட்டணம் அதன் இரண்டாம் பக்கத்தில். படம் பிடித்து வைத்திருக்கிறேன், போடவா?

வடிவழகன்:
பிடிஎஃப் திறப்பது கிளிக்கில் சேராது.