ஜி.எஸ்.டி. குறைந்தும் 125 சிசி பைக்குக்கு 1,22,000 கேட்கிறார்கள். எதைக் கொடுக்கலாம், எதை மறுக்கலாம்?

ஃபில்டர்காரன், கொளத்தூர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பெரம்பூர், மாதவரம், வில்லிவாக்கம் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடுகள். 11 வருடம் ஓடிய என் வண்டி ஆவணியில் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. போர் போட்டு ரிங் மாற்றினாலும் ஆறு மாதம்தான் தாங்கும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வரி குறையப் போகிறது என்று செய்தி வந்துகொண்டிருந்த நேரம். சரி, பொறுத்திருப்போம் என்று மச்சானின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி ஓட்டினேன்.

2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதம் 18 ஆனது. நான் பார்த்து வைத்திருந்த 125 சிசி வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது பதிவும் இன்சூரன்ஸும் சேராத விலை, 96,000-லிருந்து 88,500-க்கு இறங்கியது. 7,500 ரூபாய் மிச்சம். மகளுக்கு அடுத்த டேர்ம் ஃபீஸில் பாதி அது.

ஆயுத பூஜை முடிந்ததும் ஷோரூம் போனேன். ஸ்டாக் இல்லையாம். என்னைப் போலவே எல்லோரும் காத்திருந்து ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள், அது புரிகிறது. புரியாதது அவர்கள் கொடுத்த கொட்டேஷன்தான். வண்டி 88,500, டாக்ஸ் மற்றும் ரிஜிஸ்ட்ரேஷன் 12,400, இன்சூரன்ஸ் 8,400, ஆக்சசரீஸ் கிட் 5,900, ஹேண்ட்லிங் 1,800. ஆக 1,17,000. கிட் வேண்டாம் என்றேன். "அது இல்லாமல் பில் போட சிஸ்டம் விடாது சார்" என்றார் சேல்ஸ் தம்பி.

அப்புறம் தாளின் ஓரத்தில் பென்சிலால் 5 என்று எழுதி ஒரு வட்டம் போட்டார். "இது ஐயாயிரம், கேஷ். கொடுத்தால் தீபாவளிக்கு முன்னால் வண்டி. இல்லையென்றால் 45 நாள்." நான் படித்து முடித்ததும் ரப்பரால் அழித்துவிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார். வீட்டில் விளக்குக்கு நேரே பிடித்தால் அந்த வட்டத்தின் பள்ளம் இன்னும் தெரிகிறது.

நான் ஒரு வீட்டில் ஃபில்டரின் மெம்பரேன் (தண்ணீரை வடிகட்டும் சவ்வு) மாற்றினால், பழையதைக் கழற்றிக் காட்டுவேன். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துக் காட்டுவேன். பில்லில் மெம்பரேன் விலை தனி, சர்வீஸ் சார்ஜ் தனி. பத்து ரூபாய் கூடுதலாகப் போட்டாலும் அம்மாமார் கேட்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். இங்கே கொட்டேஷனில் ஒரு வரிக்கும் பதில் இல்லை. தெரிந்தவர்கள் வரிவரியாகச் சொல்லுங்கள். மச்சானுக்கும் ஸ்கூட்டரைத் திருப்பித் தர வேண்டும்.

பில்லிங் செக்‌ஷன்

தம்பி, சென்னையில் ஒரு ஷோரூமில் ஆறு வருடம் பில் போட்டவன் நான். இப்போது வேறு வேலை. நீங்கள் கேட்டபடி வரிவரியாகவே வருகிறேன்.

எக்ஸ்-ஷோரூம் விலை கம்பெனி வைப்பது. சென்னை விலை அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும் என்பதால் அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். தட்டுப்பாடு வரும்போதெல்லாம் ஏற்றம் கொட்டேஷனில் அதற்குக் கீழே உள்ள ஐட்டங்களில்தான் வரும்.

முதலில் டாக்ஸ். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் இருசக்கர வாகன வரி ஏறியது. ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12. உங்களுக்கு 8,850. பதிவுக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டு 200, லோன் போட்டால் ஹைப்போதிகேஷன் (வண்டி கடனில் இருப்பதைப் பதிவது) 500. சாலைப் பாதுகாப்பு வரி சில நூறு ரூபாய். எப்படிக் கூட்டினாலும் 10,500-ஐத் தாண்டாது. மீதி 1,900 எதற்கு என்று கேளுங்கள். "ஆர்.டி.ஓ. செலவு" என்பார்கள். அதற்கு அரசு ரசீது வருமா என்று கேளுங்கள், வராது.

இன்சூரன்ஸ்தான் பெரிய இடம். புது பைக்குக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கானது) கட்டாயம், அது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறை. 75-லிருந்து 150 சிசி வரை அதன் பிரீமியம் 3,851, 18 சதவீத வரி சேர்த்தால் 4,544. எந்தக் கம்பெனியில் போட்டாலும் இந்தத் தொகை மாறாது. ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கானது) ஒரு வருடத்துக்குப் போட்டால் போதும். 2020 ஆகஸ்டுக்கு அப்புறம் அதை நீண்ட காலத்துக்குச் சேர்த்து விற்பதும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) சேர்த்தாலும் வெளியே 6,500 சுற்றித்தான் வரும். எங்கே பாலிசி எடுப்பது என்பது உங்கள் உரிமை. ஆனால் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் இல்லாமல் பாலிசி போட முடியாது. அந்த இரண்டு நம்பரையும் கடைசி நாள் வரை தராமல் இழுப்பார்கள், அவர்கள் பிடி அங்கேதான். நாங்களும் அப்படித்தான் செய்தோம், அது தப்பு. வண்டி அலாட் ஆன அன்றே நம்பர் வேண்டும் என்று புக்கிங்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிட்டைப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். ஹெல்மெட் உள்ளே இருந்தால் அதற்குக் காசு கேட்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 138 படி புது இருசக்கர வாகனத்தோடு தயாரிப்பாளர் ஹெல்மெட் கொடுக்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடியும், சேலை சிக்காமல் பின் சக்கரத்தை மறைக்கும் தடுப்பும் விதி 123-இல் உள்ளவை, வண்டியோடு வந்தாக வேண்டும். மீதி சீட் கவர், கிராஷ் கார்டு, டெஃப்லான் கோட்டிங். ஜி.பி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் விலை உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஹேண்ட்லிங் என்று தனியாக எதுவும் கிடையாது. வண்டியைக் கொண்டுவந்து இறக்கி, பேட்டரி மாட்டித் துடைத்துக் கொடுப்பதும் டீலர் வேலைதான்.

அந்தப் பென்சில் வட்டத்துக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது. நாளைக்கு வண்டி வராவிட்டால் "யாரிடம் கொடுத்தீர்கள்?" என்று உங்களையே கேட்பார்கள்.

தாம்பரம் மேற்கு

2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது நான் மாட்டினேன். 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் கருவி) கட்டாயம், அதன் யூனிட்டுக்குச் சிப் வரவில்லை, வண்டி மூன்று மாதம் என்றார்கள். அவசரப்பட்டு 8,000 கேஷ் கொடுத்தேன், ரசீது இல்லை. இரண்டாவது மாதம் அந்த சேல்ஸ்மேன் வேலையை விட்டுப் போய்விட்டார், பணமும் போச்சு. கடைசியில் திருவள்ளூரில் ஒரு சின்ன ஷோரூமில் அதே வண்டி நின்றுகொண்டிருந்தது. கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. பதிவும் எங்கள் ஆர்.டி.ஓ. நம்பரிலேயே வந்தது. சிட்டிக்குள் மட்டும் தேடாதீர்கள் சகோ. செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லாவற்றுக்கும் போன் போடுங்கள்.

சப்டீலர் வீட்டு மாப்பிள்ளை

எதிர்க்கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். என் மாமனார் சப்டீலர். மார்க்கெட்டில் ஓடுகிற வண்டி பத்து வேண்டுமென்றால், விற்காத ஸ்கூட்டர் நாலு எடுக்க வேண்டும். அதற்குக் கடன், கடனுக்கு வட்டி. வண்டி விற்பதில் அவருக்கு நிற்பது சொற்பம். வருடத்தில் இந்த ஒன்றரை மாதம்தான் அவர் மூச்சு விடும் காலம். எல்லோரையும் கொள்ளைக்காரர் போலப் பேசாதீர்கள். ரசீது இல்லாமல் வாங்குவதை நான் நியாயப்படுத்தவில்லை, அது அவருக்கும் பிடிக்காது.

அண்ணாநகர் அக்கா

போன வருடம் என் தம்பி வண்டிக்கு ஹேண்ட்லிங் 2,200 போட்டார்கள். கட்டிவிட்டு, பில்லோடு கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பதினெட்டாம் நாள் ஷோரூமிலிருந்து போன் வந்தது, பணம் கணக்கில் ஏறியது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். ஆனால் பில்லில் ஹேண்ட்லிங் என்று தனியாக அச்சாகி இருந்தால்தான் பிடிக்க முடியும். அதனால் "ஹேண்ட்லிங்கை வண்டி விலையோடு சேர்த்துவிடுகிறோம்" என்றால் சம்மதிக்காதீர்கள் தம்பி.

ஃபில்டர்காரன், கொளத்தூர்

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன். இந்தத் தடவை மேனேஜரைப் பார்த்தேன். வெளியே வாங்கிய இன்சூரன்ஸ் கொட்டேஷன் 6,450, வரிக் கணக்கு எழுதிய தாள், இரண்டையும் மேஜையில் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை. எங்கள் தொழிலிலும் பில்லைக் கேட்கும் கஸ்டமரிடம்தான் ஒழுங்காக வேலை நடக்கும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். ஹேண்ட்லிங்கைப் பேனாவால் அடித்தார். டாக்ஸ் இருந்த இடத்தில் "ஆக்சுவல்", அதாவது உண்மையில் ஆகும் தொகை மட்டும், என்று எழுதினார். பாலிசி வெளியே எடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். கிட் மட்டும் முழுசாகப் போகவில்லை. கிராஷ் கார்டும் சீட் கவரும் 1,900 என்று நின்றுவிட்டார். வேலைக்கு எப்படியும் கிராஷ் கார்டு வேண்டும், விட்டுவிட்டேன். சிஸ்டம் விடாது என்று சொன்ன தம்பியே அந்தப் பில்லைப் போட்டார்.

மாப்பிள்ளை சொன்னதை யோசித்தேன் சார். உங்கள் மாமனார் கஷ்டம் உண்மைதான். ஆனால் விற்காத ஸ்கூட்டரை அவர் தலையில் கட்டியது கம்பெனி. அதற்கு அவர் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். இரவல் வண்டியில் வேலைக்குப் போகிற என்னிடம் அதை வாங்குவது எப்படிச் சரி?

5,000 கொடுக்கவில்லை, அதனால் தீபாவளிக்கு வண்டி இல்லை. நவம்பர் மூன்றாம் வாரம் என்கிறார்கள். திருவள்ளூருக்கும் போன் போட்டேன். அங்கே சிவப்பு மட்டும் இருக்கிறது, அதுவும் டிஸ்க் மாடல், எனக்குக் கட்டாது. 2,000 ரூபாய் கட்டி இங்கேயே புக் செய்துவிட்டேன்.

பில்லிங் அண்ணாவிடம் ஒரு சந்தேகம். புக்கிங் ரசீதில் "டெலிவரி அன்றைய விலையே செல்லும்" என்று கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அதற்கு மேலேயே "நீலம், டிரம், அலாட் ஆன அன்றே சேஸிஸ் நம்பர் தரப்படும்" என்று கையால் எழுதச் சொல்லி, சீல் வைத்து வாங்கிவிட்டேன். அந்தப் பொடி எழுத்தை வைத்து நவம்பரில் மறுபடியும் ஏதாவது கேட்பார்களா? அதற்கும் இப்போதே எழுதி வாங்க வேண்டுமா?