வீட்டுத் திரையரங்கக் கணினிக்கு எந்தச் செயற்கைக்கோள் ட்யூனர் கார்டு வாங்கலாம்?

கேள்வி:
வணக்கம். கூடத்துத் தொலைக்காட்சியுடன் இணைத்துள்ள கணினியில் லினக்ஸ், டிவி சிக்னலை வாங்கிப் பதிவு செய்யும் ட்வீஹெட்எண்ட், அதைத் திரையில் காட்டும் கோடி ஆகிய மென்பொருள்களை நிறுவியிருக்கிறேன். மாடியில் இரண்டு டிஷ்கள் உள்ளன. சிறியது, டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காக 93.5 டிகிரி கிழக்கிலுள்ள ஜிசாட்-15ஐ நோக்கியது. மற்றொன்று, அப்பா காலத்திலிருந்து துரு ஏறிக்கொண்டிருக்கும் எட்டடி வலை டிஷ். இன்டெல்சாட்-17ஐ (66 டிகிரி) நோக்கியது. ஒரு சேனலைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க வேண்டும். டிஷ் சிக்னலைக் கணினிக்குள் வாங்கும் பழைய ஸ்கைஸ்டார் 2 ட்யூனர் கார்டு ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, அது போதுமா? வீட்டிலுள்ள கட்டண டிடிஎச் இணைப்பையும் கணினியிலேயே பார்க்க முடியுமா?

பதில் 1:
கட்டண இணைப்பை மறந்துவிடுங்கள். அதன் ஸ்மார்ட் கார்டு அந்தப் பெட்டியோடு மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கும்.

ஸ்கைஸ்டார் 2 அந்தக் காலத்தில் நல்ல கார்டுதான்; ஆனால் அது பழைய பிசிஐ வகை. உங்கள் மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டும் இருந்தால் அதைச் செருகவே முடியாது. செருக முடிந்தாலும் டிவிபி-எஸ் என்ற பழைய செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையை மட்டுமே அது ஏற்கும். அதன் புதிய வடிவமான டிவிபி-எஸ்2 வாயிலாக, எம்பெக்-4 என்ற சுருக்க முறையில் வரும் சேனல்கள் கிடைக்கமாட்டா. டிவிபி-எஸ்2 கார்டு பழைய டிவிபி-எஸ்ஸையும் சேர்த்தே வாங்கும் என்பதால், இனி அதற்குக் குறைந்த எதையும் வாங்காதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இரட்டை ட்யூனர் கொண்ட டிபிஎஸ் 6902 போன்ற ஒன்றைப் பரிந்துரைக்கிறேன்; பிசிஐ எக்ஸ்பிரஸ் x1 கார்டு நீளமான ஸ்லாட்டிலும் வேலை செய்யும்.

ஆனால் கார்டைவிடக் கேபிளைப் பற்றித்தான் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். நான் தொடக்கத்தில் ஒரே எல்என்பியிலிருந்து (டிஷ்ஷின் முன் பொருத்தப்பட்டு அலையை வாங்கும் கருவி) வந்த கேபிளை, கேபிள் டிவிக்குப் பயன்படும் சாதாரண ஸ்ப்ளிட்டரால் இரண்டாகப் பிரித்து இரு ட்யூனர்களுக்கும் கொடுத்தேன். எல்என்பி ட்யூனரிடமிருந்து செங்குத்து அலைக்கு 13 வோல்ட்டையும் கிடைமட்ட அலைக்கு 18 வோல்ட்டையும் எதிர்பார்க்கும்; ஆகவே, ஒரு ட்யூனர் பதிவு செய்துகொண்டிருந்தபோது மற்றது அலையை மாற்றியதும், பதிவான படம் சதுரம் சதுரமாக உடைந்துபோயிற்று. ஒரு வாரம் கார்டையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் இரண்டு டிஷ்கள் இருப்பது நல்வாய்ப்பு. சிறிய டிஷ்ஷின் கேபிளை முதல் ட்யூனரிலும், வலை டிஷ்ஷின் கேபிளை இரண்டாம் ட்யூனரிலும் நேராக இணைத்துவிடுங்கள். பல எல்என்பிகளை ஒரே கேபிளில் மாற்றி மாற்றி இணைக்கும் டைசெக் ஸ்விட்ச்கூடத் தேவையில்லை. ஒரே டிஷ்ஷிலிருந்து ஒரே நேரத்தில் வெவ்வேறு டிரான்ஸ்பாண்டர்கள் (சேனல் தொகுப்புகளை அனுப்பும் செயற்கைக்கோள் அலைபரப்பிகள்) வேண்டுமென்றால்தான் இரட்டை எல்என்பியும் கூடுதல் கேபிளும் தேவைப்படும்.

இன்னொன்று: இந்தக் கார்டுக்கான டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்து நீங்களே கம்பைல் செய்ய (மூல நிரலிலிருந்து உருவாக்க) வேண்டியிருக்கும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நீங்கள் சொன்ன கார்டையே வாங்கிப் பொருத்திவிட்டேன். ஃப்ரீ டிஷ் சேனல்கள் உடனே கிடைத்துவிட்டன. வலை டிஷ்ஷில் மட்டும் சிக்னல் அளவு அறுபது விழுக்காடு காட்டுகிறது, தரமோ பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஒரு சேனலும் அகப்படவில்லை.

பதில் 2:
எல்என்பிக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மட்டுமே அந்த அளவு சான்று. இரைச்சல்கூட அதை உயர்த்திக் காட்டும். ட்வீஹெட்எண்ட்டில் இரண்டாம் ட்யூனருக்கும் சிறிய டிஷ்ஷுக்கு உரிய யுனிவர்சல் எல்என்பியையே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என நினைக்கிறேன். அது 9750, 10600 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைவெண்களை வைத்துக் கணக்கிடும்; உங்கள் வலை டிஷ் வாங்கும் சி பேண்ட் என்ற தாழ்ந்த அலைவரிசைக்கான எல்என்பிக்கு 5150 கொடுக்க வேண்டும். அப்போதுதான் 3845 மெகாஹெர்ட்ஸ் அலை, 5150இலிருந்து கழிக்கப்பட்டு 1305 ஆக இறங்கி, ட்யூனர் வாங்கக்கூடிய 950 முதல் 2150 வரையிலான எல்லைக்குள் வரும்.

கேள்வி கேட்டவர்:
அதேதான் பிழை. 5150 என மாற்றித் தேடியதும் தரம் எழுபதைத் தாண்டியது. தமிழ்ச் சேனல்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கெர்னல் தானாகப் புதுப்பிக்கப்படுவதையும் நிறுத்தி வைத்துவிட்டேன். மிக்க நன்றி.